சென்னையை விட்டுப் பாளையங்கோட்டைக்குக் குடிவரலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்களுக்கு வயது 36. வேளச்சேரியில் வாடகை வீடு. மென்பொருள் வேலை, இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அம்மா காலமான பிறகு அப்பா பாளையங்கோட்டையில், 1980-களில் கட்டிய சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டின் மேல் மாடி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விடலாமா, செலவு பாதியாகக் குறையுமா, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "என் மனைவி சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், அங்கே நான் என்ன செய்வேன் என்று கேட்கிறார்."

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. வாடகையும் பள்ளியும் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். நீங்கள் அந்த ஊர்ப் பிள்ளை, திரும்பிப் போகிறீர்கள். அவர் புதிதாகப் போகிறார். சாமான் ஒரே லாரியில் ஏறினாலும் நீங்கள் இருவரும் செய்யும் காரியம் வேறு வேறு. நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்து, 2008-இல் கணவருடைய ஊரான பாளைக்கு (பாளையங்கோட்டையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வந்தவள். கட்டடப் பொறியாளர். பதினைந்து வருடமாக வங்கிகளுக்கு வீட்டுக்கடன் மதிப்பீடு செய்து கொடுக்கிறேன். சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களின் வீடுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே வீடு, மனை, கட்டடம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பள்ளியும் மருத்துவமும் ஒரு தாயாக, ஒரு மருமகளாக நான் பார்த்த அளவுக்குத்தான். உங்கள் வேலை இன்னும் ஐந்து வருடம் வீட்டிலிருந்தே நடக்குமா என்பது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. அதில் ஒன்றை மட்டும் சொல்வேன்: வாய்வார்த்தையோடு விட்டுவிடாமல், பணியிடம் எது என்று நிறுவனத்திடம் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியும் இதைப் படிப்பார் என்று நினைத்து ஊரைக் கொஞ்சம் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் திருநெல்வேலி என்று ஒரே பெயராகச் சொன்னாலும் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருப்பது டவுன். ரயில் நிலையத்தைச் சுற்றியிருப்பது ஜங்ஷன். தாமிரபரணியைத் தாண்டிவிட்டால் பாளை. 1843-இல் சுலோசன முதலியார் என்ற அரசு அலுவலர் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலத்தில்தான் இன்றும் இரு கரைக்காரர்களும் போய் வருகிறோம். எல்லாம் சேர்ந்து 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்தது. சென்னை அப்போது, பழைய எல்லைக்குள்ளேயே, 46 லட்சம். பத்தில் ஒரு பங்கு. ஸ்கூட்டரை எடுத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஊரின் எந்த மூலைக்கும் போய்விடலாம். சென்னையில் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போன இரண்டரை மணி நேரம் இங்கே வந்ததும் தினமும் என் கையில் மிஞ்சியது. அதுதான் இந்த ஊர் கொடுக்கும் முதல் சொத்து. வேலையும் இல்லை, தெரிந்த மனிதர்களும் இல்லை என்றால் அதே இரண்டரை மணி நேரம் பகல் முழுக்க நீண்டு கிடக்கும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் கிடந்தது.

செலவுக்கு வருகிறேன். வாடகை மட்டும் என்றால் பாதியாகும். மகாராஜ நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பக்கத்துச் சில தெருக்களில் பாதிக்கும் கீழேயே போகும். காய்கறிக்கு மகாராஜ நகர் உழவர் சந்தை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்கு நல்ல காயும் கிடைக்கும், விலையும் கட்டும். ஆனால் காஸ் சிலிண்டர், மருந்து, இணையம், பாக்கெட் சாமான் எல்லாம் அதே விலைதான். பள்ளிக் கட்டணம் குறையும், பாதியாகாது. அப்புறம் சென்னையில் இல்லாத இரண்டு செலவு புதிதாக வரும். ஒன்று, உங்கள் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய்வரும் செலவு. அதில் கை வைக்காதீர்கள். இன்னொன்று விசேஷங்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் என்று சென்னையில் போனில் விசாரித்து முடித்ததற்கெல்லாம் இங்கே நேரில் போய் நிற்க வேண்டும், மொய் எழுத வேண்டும். வந்த முதல் வருடம் எங்கள் மொத்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. என் அனுபவத்தில் அதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

சரி, பணத்தைவிடப் பெரிய மாற்றத்தைச் சொல்கிறேன். வந்த முதல் வாரம் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ உளுந்து கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி அளந்துகொண்டே, "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்றார். கதவு எண்ணைச் சொன்னேன், அது அவருக்குப் பிடிபடவில்லை. மாமனார் பெயரைச் சொன்னேன். "அட, போஸ்டாபீஸ் சார் மருமவளா!" என்றவர், தட்டில் போட்ட உளுந்தைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டிவிட்டு, உள்ளே போய் வேறொரு மூட்டையைப் பிரித்து அள்ளிவந்தார். "சாருக்கு இதுதான் குடுக்கது" என்று காகிதத்தை மடித்துச் சணல் சுற்றிக் கையில் கொடுத்தார். கைப்பையைத் திறந்தபோது, "இருக்கட்டும்மா, நோட்டுல எழுதிக்கிடுதேன்" என்றார். பெரம்பூரில் இருபத்தைந்து வருடம் ஒரே தெருவில் இருந்தேன்; எனக்காக அங்கே யாரும் இன்னொரு மூட்டையைப் பிரித்ததில்லை. அடுத்த வாரம் அதே கடையில், முந்தின நாள் சாயங்காலம் நான் ஜங்ஷனில் யாரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்று விசாரித்தார்கள். கல்லூரியில் கூடப் படித்தவன், வேலை விஷயமாக வந்திருந்தான். தப்பாக யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. உங்களை ஊருக்குத் தெரியும் என்பதால் உங்கள் அப்பா ஒரு நாள் காலையில் நடக்கப் போகவில்லை என்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். உங்கள் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் கேட்காமலே கஞ்சி வரும். அவர் என்ன உடுத்துகிறார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்பதும் அதே கண்களுக்குத் தெரியும். உங்களுக்கு இது பழகின காற்று. அவருக்கு மூச்சு முட்டினால் "எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். என் கணவர் முதல் ஆறு மாதம் அப்படித்தான் சொன்னார். அந்த ஆறு மாதம்தான் இந்தப் பதினேழு வருடத்தில் மோசமானது. ஒரு நாள் அவரே கடையில் போய், "அவ இஞ்சினியர், வேல விஷயமா நாலு பேரோட பேசத்தான் செய்வா" என்று சொல்லிவிட்டு வந்தார். கேள்வி நின்றது. அந்த ஒரு வாக்கியத்தை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும், மருமகளால் முடியாது.

வேலையைப் பற்றி. உங்கள் வேலை மடிக்கணினியோடு கூட வருகிறது, அவருடையது வரவில்லை. இதை நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். நான் சென்னையில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருந்தேன். இங்கே வந்து பதினாலு மாதம் வேலை இல்லை. விண்ணப்பம் அனுப்பினால் பதில் வராது, ஏனென்றால் இங்கே வேலை விண்ணப்பத்தில் நடப்பதில்லை, தெரிந்தவர் சொல்லி நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் காம்பவுண்டுச் சுவரில் விரிசல். ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். பார்த்தேன், சுவரை ஒட்டி நின்ற வேம்பின் வேர், மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்கும் அமைப்பு. சுவரை இடிக்க வேண்டாம், இன்னது செய்தால் போதும் என்றேன், விரிசல் நின்றது. அவர் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து ஒரு வங்கி மேலாளர். மாநகராட்சியில் பொறியாளராக உரிமம் வாங்கினேன். முதல் இரண்டு வருடம் கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போனால் "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பார்கள். இப்போது அதே ஆட்கள் பேஸ்மட்டத்துக்கு மேலே ஒரு கல் வைப்பதற்கு முன் எனக்குப் போன் செய்கிறார்கள். சம்பளமாகப் பார்த்தால் சென்னையில் விட்டதைத் தொட எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

உங்கள் மனைவிக்குக் கணக்குத் தெரியும் என்பது நல்ல செய்தி. ஆடிட்டர் அலுவலகங்கள், பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மில், பள்ளி நிர்வாகம் என்று ஜி.எஸ்.டி. கணக்கு தெரிந்த ஆளுக்கு இங்கே தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வேலை கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். சென்னைச் சம்பளம் கிடைக்காது என்பதும் அதே அளவு உறுதி. கங்கைகொண்டான் சிப்காட்டில் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் இருக்கிறது. இவையெல்லாம் ஊரின் பேச்சை மாற்றியிருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். இப்போதைய நிறுவனத்திலேயே பாதி நேரமாவது வீட்டிலிருந்து பார்க்க முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் வந்த பிறகுதான் லாரிக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லத் தயக்கமாக இருக்கிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீடு பார்க்கப் போனால், வேலையைக் கேட்பதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுக?" என்று சாதியைக் கேட்பார்கள். சென்னையிலும் கேட்கிறார்கள், சுற்றி வளைத்து. இங்கே நேராக. மதிப்பீட்டுக்குப் போகும் வீட்டில்கூட என் பெயரைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியாக அதைக் கேட்டவர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, பொட்டு எல்லாம் கூடாது என்று 2024-இல் அது பரிந்துரைத்தது. நாங்குநேரி இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகிற ஊர். எல்லாத் தெருவும் அப்படி இல்லை, எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. என் மகள் படித்த வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். தசராவுக்குப் பாளை அம்மன் கோயில்களின் சப்பரங்கள் கிளம்பும் ராத்திரி அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வாசலில்தான் நிற்பார்கள். ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்ச்சி விகிதத்தோடு இதையும் விசாரியுங்கள். ஆசிரியர்களிடம் கேட்டால் மறைக்க மாட்டார்கள்.

பள்ளி விஷயத்தில் வேறு கவலை வேண்டாம். பாளை படிப்புக்குப் பேர் போன ஊர். தூய யோவான் கல்லூரி 1878-இலும், சாராள் தக்கர் கல்லூரி 1895-இலும், தூய சவேரியார் கல்லூரி 1923-இலும் வந்தவை. பார்வையற்றோர் பள்ளி 1890 முதல் நடக்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இடம் கிடைக்கும், ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்வரும். நீச்சல், சதுரங்கம், பாட்டு என்று தேடினால் ஒன்றுக்கு ஒருவர், இருவர்தான் இருப்பார்கள். அவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள் இல்லை. ஆறு மாதத்தில் மகள் "ஏல, வால" என்று பேசுவாள். அதற்கு அவள் அம்மா வருத்தப்பட்டால் நீங்கள் சிரிக்காதீர்கள்.

மருத்துவம் உங்கள் அப்பாவுக்காக முக்கியம். அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் ஐகிரவுண்டில் இருக்கிறது, கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை 1988-இலேயே வந்துவிட்டது, தனியார் மருத்துவமனைகள் ஏராளம். காய்ச்சல், எலும்பு, பிரசவம், சர்க்கரை, இதயத்துக்கான அவசர சிகிச்சை வரை ஊரைத் தாண்ட வேண்டாம். இடைஞ்சல் எங்கே வருகிறது என்றால், அரிதான நோய்க்கான நிபுணர்கள் சிலர் வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து போகிறவர்கள். என் மாமனாருக்கு நரம்புத் தொந்தரவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சேர்த்த மருத்துவமனையில் ஸ்கேன் உடனே எடுத்தார்கள். அதைப் பார்க்க வேண்டிய டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். அன்று ராத்திரியே காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம், மூன்று மணி நேரம். பிழைத்தார். அப்பாவுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் இருந்தால், அதற்கான டாக்டர் இங்கேயே குடியிருக்கிறாரா, வந்து போகிறவரா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வீடு. இதில்தான் உங்களைத் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். முதல் வருடம் மாடி கட்டாதீர்கள். நான் மதிப்பீடு செய்த வீடுகளில் கீழே பெற்றோர் இருக்க, மேலே மகன் கடன் வாங்கிக் கட்டி, இரண்டு வருடத்தில் குடும்பம் திரும்பப் போய்விட்டு, மாடி பூட்டிக் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒரு வீட்டில் மாடுலர் கிச்சனில் ஒட்டின பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. மாதாமாதம் தவணை மட்டும் மகன் பெங்களூரிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். மகன், மருமகள், மாமனார் மூவருமே நல்ல மனிதர்கள். மருமகளுக்கு அந்த ஊரில் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டடமாகப் பார்த்தாலும் அவசரப்படக் கூடாது. அந்தக் காலத்து வீடு பெரும்பாலும் பில்லர் இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர் மேலேயே நிற்கும். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு "தாங்கும் சார்" என்பார். சுவர் தாங்கலாம், அஸ்திவாரம் தாங்குமா என்பது தட்டினால் தெரியாது. வீட்டின் இரண்டு மூலையில் அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி எடுத்து, கருங்கல் கட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அடியில் என்ன மண் என்று கண்ணால் பார்க்க வேண்டும். செம்மண்ணோ பாறையோ என்றால் நிம்மதி. கரிசல் என்றால் அது கோடையில் வெடித்து மழையில் உப்பும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் அந்த மண்ணைச் சந்தேகப்படுங்கள். கூரை கான்கிரீட்டின் அடிப்பக்கத்தை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு கழன்று நிற்கிறது. எடை ஏற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவு உங்கள் எஸ்டிமேட்டில் இருக்காது.

அப்புறம் பத்திரம். இடம் அப்பா பெயரில் இருந்தால், வங்கி அவரையும் கடனில் சேர்த்துக் கையெழுத்து வாங்கும். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுச் சட்டப்படி மண்ணில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அந்த மண்ணின் மேல் நிற்கும் மாடிக்குத் தவணை கட்டியது நீங்கள். வருத்தம் அங்கேதான் முளைக்கிறது. அக்காவோ தங்கையோ இருந்தால், செங்கல் இறக்குவதற்கு முன்பே எல்லாரும் உட்கார்ந்து பேசி, செட்டில்மென்டோ உயிலோ எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். எல்லாரும் ஒற்றுமையாக இருக்கும்போதே பேச வேண்டிய பேச்சு இது. பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்றும் பாருங்கள். தனியாக மனை வாங்கும் எண்ணம் வந்தால், அங்கீகாரம் பெற்ற மனையா என்பதுதான் முதல் கேள்வி. அங்கீகாரமில்லாத மனைகளை வரைமுறைப்படுத்தும் திட்டம் 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான்.

மனை வாங்குகிறவர்கள் ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நயினார்குளம், வேய்ந்தான்குளம், பாளையங்கால்வாய் என்று இங்கே பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்த அந்தத் தடவை, தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் வந்தது. ஆற்றிலிருந்து தள்ளியிருந்த இடங்களிலும் குளத்துத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை, ஆகவே கூகுள் பேயும் இல்லை. வீட்டில் கைப்பணம் இருநூற்றுச் சில்லறை இருந்தது. மறுநாள் அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி தூக்கி, டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சாமான் எடுத்துக் கொடுத்தார். அரிசி, மெழுகுவர்த்தி, பால்பவுடர், பிஸ்கட். எல்லாரும் வாங்கினார்கள், யாரும் பணம் கொடுக்கவில்லை. அதே நோட்டு. என் பக்கத்தில் அவர் எழுதியிருந்த பெயரை அன்றுதான் பார்த்தேன். "போஸ்டாபீஸ் சார்" என்று முன்பு இருந்ததை எப்போதோ அடித்துவிட்டு "இஞ்சினியரம்மா" என்று எழுதியிருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு பக்கத்துத் தெருக்களில் நான் பார்த்த முப்பது, நாற்பது வீடுகளில் சேதம் அதிகமானவை பழைய வாய்க்காலை மேடாக்கி மனை போட்ட வரிசையில் இருந்தவை. மனை பார்க்கப் போகும்போது அந்தத் தெருவில் இருக்கும் வயதானவர் ஒருவரிடம், அன்று தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டே காட்டுவார்.

வெயில் கடுமை. பங்குனி தொடங்கி வைகாசி வரை பகலில் வெளியே இறங்க முடியாது. வானிலை அறிக்கையில் பாளையங்கோட்டை பெயர் அடிக்கடி வரும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே மழை இல்லாமல் காற்று மட்டும் வரும், புழுதியோடு. அதுவே பெரிய ஆறுதல். வீட்டிலிருந்து வேலை என்பதால் ஒன்று: மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தின நாளே அறிவிப்பு வரும், ஆனாலும் நல்ல இன்வெர்ட்டர் இல்லாமல் நீங்கள் வேலை பார்க்க முடியாது. ஃபைபர் இணைப்பு கிடைக்கிறது. எந்த நிறுவனத்துடையது ஒழுங்காக வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும், பக்கத்து வீட்டில் கேட்டுப் போடுங்கள்.

சென்னை தூரம்தான், ஆனால் முன்பு போல இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பர் 24 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் மனைவி தன் அம்மா வீட்டில் இருக்கலாம். விமானம் என்றால் தூத்துக்குடிக்காரர்களின் வாகைக்குளம்தான் நமக்கும். பொங்கல், தீபாவளிக்கு மட்டும் முன்பதிவு திறக்கும் அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உட்காராவிட்டால் இடம் கிடைக்காது. என் கணவர் வருடா வருடம் முதலில் போடும் டிக்கெட் என் அம்மா வீட்டுக்குத்தான். கேட்டு வாங்கியது இல்லை, அவராகச் செய்வது.

அப்பா தனியாக இருக்கிறார் என்பது பொறுக்க முடியாத விஷயம், அது எனக்குப் புரிகிறது. அதனால் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கல்வியாண்டுக்குக் கீழ் வீட்டிலேயே அவரோடு இருந்து பாருங்கள். இடம் போதாது என்றால் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு எடுங்கள், நடந்து போகிற தூரத்தில். அதற்கும் முன்னால், மே மாதத்தில் பத்து நாள், நவம்பரில் பத்து நாள் மனைவியோடும் மகளோடும் வந்து இருங்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் ஊர் தெரியாது, சும்மா வர வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் நீங்களும் அப்பாவும் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி தனியாகப் பாளை பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜங்ஷனில் இறங்கட்டும், இரண்டு ஆடிட்டர் அலுவலகங்களில் போய்ப் பேசட்டும், டவுன் ரத வீதியில் நடந்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்பட்டும். ராத்திரி அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மாடிக்கு எஸ்டிமேட் அதற்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.